பழைய கார் வாங்குகிறீர்களா? கேட்டு வாங்குங்கள்!

சந்தைக்கு மாடு வாங்கப் போகிறவர், பார்த்தவுடன் பணத்தை எடுத்து நீட்டிவிடுவதில்லை. மாட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்க்கிறார். சுழி பார்க்கிறார். நாலடி நடக்கவிட்டுப் பார்க்கிறார். கறவை மாடு என்றால், ஒரு வேளைப் பாலைக் கறந்து பார்க்காமல் விலை பேச மாட்டார்.

இன்று பல குடும்பங்கள் வாங்குவது மாடு அல்ல, கார். அதுவும் பழைய கார். வயதான தாயாரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டும். பிள்ளைகளோடு ஊருக்குப் போய் வர வேண்டும். புதுக் கார் வாங்கக் கையில் பணம் இல்லை. சிறுகச் சிறுகச் சேர்த்த இரண்டு லட்சமோ, மூன்று லட்சமோ கொடுத்து, மற்றவர் ஓட்டிய காரை வாங்குகிறார்கள். மாலை போட்டு, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, கார் வீட்டுக்கு வருகிறது. குடும்பமே மகிழ்கிறது.

பத்தே நாளில் என்ஜின் புகை கக்குகிறது. மெக்கானிக் திறந்து பார்க்கிறார். “ஐயா, இது வெள்ளத்தில் மூழ்கிய வண்டி!” என்கிறார். விற்றவரிடம் ஓடினால், “பார்த்துத்தானே வாங்கினீர்கள்? பழைய வண்டி அப்படித்தான் இருக்கும்” என்று பதில் வருகிறது.

போன பணம் போனதுதானா?

இல்லை. சட்டத்தில் வழி இருக்கிறது. ஆனால் மூன்று விஷயங்களை முதலில் பார்க்க வேண்டும். வாங்கும்போது நீங்கள் என்ன கேட்டீர்கள்? அதற்கு அவர் என்ன சொன்னார்? அவர் சொன்னதற்கு ருசு இருக்கிறதா? பாதிக்கு மேற்பட்ட வழக்கு இந்த மூன்று கேள்விகளிலேயே அடங்கிவிடுகிறது என்று சொல்லலாம்.

விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது

அமெரிக்காவிலும் புதுக் காருக்கும் எலுமிச்சம்பழத்துக்கும் சம்பந்தம் உண்டு. ஆனால் அது வேறு விதமான சம்பந்தம். அந்த நாட்டில், ஓயாமல் தொல்லை கொடுக்கும் காருக்கு ‘எலுமிச்சம்பழம்’ என்றுதான் பெயர்!

அந்த நாட்டுப் பொருளாதார நிபுணர் ஜார்ஜ் அக்கர்லாஃப், 1970-ம் ஆண்டு இந்த எலுமிச்சம்பழக் கார்களைப் பற்றியே ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினார். அவர் கூறியது இதுதான்: பழைய கார் சந்தையில் விற்பவருக்குக் காரின் குறை தெரியும். வாங்குபவருக்குத் தெரியாது. எது நல்ல கார், எது கெட்ட கார் என்று தெரியாததால், வாங்குபவர் எல்லாக் கார்களுக்கும் நடுத்தரமான விலையே கொடுக்க முன்வருகிறார். அந்த விலைக்கு நல்ல காரை யார் விற்பார்கள்? நல்ல கார்கள் சந்தையை விட்டு ஒதுங்குகின்றன. கெட்ட கார்கள் மிஞ்சுகின்றன.

இந்த வகை ஆராய்ச்சிக்காக 2001-ம் ஆண்டு அவருக்கும் வேறு இருவருக்கும் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. ஆக, ஏமாந்து போகிறவர் முட்டாள் அல்ல. அவருக்கு விஷயம் தெரியாது, அவ்வளவுதான். அந்த இருட்டைப் போக்கத்தான் கேள்வி கேட்க வேண்டும் என்கிறோம்.

1872-ம் ஆண்டுக் குதிரை

நம் நாட்டில் ஒப்பந்தச் சட்டம் 1872-ம் ஆண்டு இயற்றப்பட்டது. அந்தக் காலத்தில் மோட்டார் கார் ஏது? குதிரைதான். எனவே, எது மோசடி என்பதை விளக்க, அந்தச் சட்டத்தின் 17-வது பிரிவில் ஒரு குதிரைக் கதையையே சொல்லியிருக்கிறார்கள். அது இன்றைய காருக்கும் பொருந்துகிறது.

ஒருவரிடம் நோயுள்ள குதிரை இருக்கிறது. நோய் இருப்பது அவருக்குத் தெரியும். அதைப் பற்றி வாய் திறக்காமல் ஏலத்தில் விற்றுவிடுகிறார். இது மோசடியா? மோசடி அல்ல என்கிறது சட்டம். வெறுமனே பேசாமல் இருப்பது பொதுவாக மோசடி ஆகாது.

இப்போது கதையைச் சற்று மாற்றுவோம். வாங்குகிறவர் விற்பவரைப் பார்த்து, “இல்லை என்று நீர் மறுக்காவிட்டால் குதிரை நல்ல நிலையில் இருப்பதாகவே வைத்துக்கொள்வேன்” என்கிறார். விற்பவர் வாயை மூடிக்கொண்டு நிற்கிறார். இந்த மௌனம், ‘நல்ல குதிரைதான்’ என்று வாயால் சொன்னதற்குச் சமம் என்கிறது சட்டம்.

பார்த்தீர்களா? குதிரை ஒன்றுதான். நோய் ஒன்றுதான். விற்றவரின் மௌனமும் ஒன்றுதான். ஒரே ஒரு கேள்விதான் வித்தியாசம். கேட்காதவர் நஷ்டப்பட்டார். கேட்டவருக்கு உரிமை பிறந்தது. தெரிந்தே பொய் சொல்லி விற்றிருந்தாலோ சந்தேகமே இல்லை, அது மோசடிதான். அந்தக் கிரயத்தை ரத்து செய்யும்படி கேட்கலாம்.

என்னென்ன கேட்க வேண்டும்?

கீழ்க்கண்ட கேள்விகளை விற்பவரிடம் ஒவ்வொன்றாகக் கேளுங்கள்:

1. இந்தக் கார் விபத்தில் சிக்கியது உண்டா? எந்தப் பாகம் மாற்றப்பட்டது?

2. வெள்ளத்தில் நின்றது உண்டா?

3. மீட்டர் காட்டும் கிலோமீட்டர் உண்மைதானா? மீட்டரை மாற்றியது உண்டா?

4. உங்களோடு சேர்த்து இதுவரை எத்தனை சொந்தக்காரர்கள்?

5. கார் மீது கடன் பாக்கி இருக்கிறதா? அபராத பாக்கி, வரி பாக்கி, போலீஸ் வழக்கு ஏதேனும் உண்டா?

6. என்ஜினிலோ, கியரிலோ உங்களுக்குத் தெரிந்த பழுது ஏதேனும் உண்டா?

இந்தக் கேள்விகளை வாயால் கேட்டதோடு நிற்காதீர்கள். செல்போனில் வாட்ஸ்அப் மூலம் எழுதி அனுப்புங்கள். பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். இன்னும் நல்லது, விற்பனை ஒப்பந்தக் காகிதத்திலேயே, ‘விபத்தில் சிக்காத வண்டி, வெள்ளத்தில் நிற்காத வண்டி’ என்று எழுதிக் கையெழுத்து வாங்குவது. நேர்மையானவர் எழுதித் தரத் தயங்க மாட்டார். எழுத மறுக்கிறாரா? உஷார்! அந்த மறுப்பே ஒரு பதில்தான்.

கண்ணுக்குத் தெரிந்த குறை

1930-ம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், ‘வாங்குகிறவரே ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்’ என்பதையே அடிப்படையாக வைத்திருக்கிறது. ஆனால் அதற்கு விலக்குகளும் உண்டு. அந்தப் பொருளை விற்பதையே தொழிலாகக் கொண்டவரிடம் இன்ன பொருள் என்று விவரம் சொல்லி வாங்கினால், அது விற்பனைக்கு ஏற்ற தரத்தில் இருக்க வேண்டும். எந்தக் காரியத்துக்கு வேண்டும் என்று சொல்லி, வியாபாரியின் அனுபவத்தை நம்பி வாங்கினால், பொருள் அந்தக் காரியத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும்.

அதே சட்டத்தில் இன்னொரு வரியும் இருக்கிறது. நீங்கள் சோதித்துப் பார்த்த பொருளில், அந்தச் சோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறை பற்றிப் பிறகு பேச முடியாது. கதவில் விழுந்த நசுங்கலை வாங்கும்போது பார்க்கவில்லை என்று சொல்லிப் பயனில்லை. பிரித்துப் பார்த்தால் மட்டுமே தெரியும் என்ஜின் கோளாறு வேறு விஷயம்.

ஆகையால், பகல் வெளிச்சத்தில் காரைப் பாருங்கள். உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்கைக் கூட அழைத்துச் செல்லுங்கள். அவருக்குக் கொடுக்கும் கூலி வீண் செலவு அல்ல.

சென்னையில் 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிச்சாங் புயலின்போதும் ஏராளமான கார்கள் வெள்ளத்தில் நின்றதை நாம் அறிவோம். அப்படி மூழ்கிய காரைக் கழுவித் துடைத்துப் பளபளப்பாக்கி விற்பவர்களும் உண்டு. தரை விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். அடியில் வண்டல் மண் இருக்கிறதா? சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். உள்ளே சுருண்டிருந்த பகுதியில் சேற்றுக் கறை தெரிகிறதா? சீட்டுக்கு அடியில் உள்ள இரும்பில் துரு ஏறியிருக்கிறதா? உள்ளே ஈர நாற்றம் அடிக்கிறதா?

டயரின் பக்கவாட்டில் நாலு எண்கள் இருக்கும். ‘2319’ என்றால், 2019-ம் ஆண்டின் 23-வது வாரம் செய்த டயர் என்று பொருள். மீட்டர் முப்பதாயிரம் கிலோமீட்டர் காட்டுகிறது; ஆனால் பிரேக் மிதியின் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருக்கிறது என்றால், சர்வீஸ் பில்களைக் கேளுங்கள். ஒவ்வொரு பில்லிலும் அன்றைய கிலோமீட்டர் எழுதியிருக்கும். பொய் அங்கே அகப்பட்டுக்கொள்ளும்.

யாரிடம் வாங்குகிறீர்கள்?

இது மிக முக்கியமான கேள்வி. வியாபாரியிடம் வாங்குவது வேறு. தனி மனிதரிடம் வாங்குவது வேறு.

கார் கன்சல்டிங் கடையிலோ, பழைய கார் விற்கும் கம்பெனியிலோ வாங்கினால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உங்களுக்குத் துணை நிற்கும். 1986-ல் வந்த பழைய சட்டத்துக்குப் பதிலாக, 2019-ம் ஆண்டின் புதிய சட்டம் 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதில் ‘குறை’ என்பதற்கு விரிவான பொருள் சொல்லியிருக்கிறார்கள். வியாபாரி எந்த விதத்தில் உறுதி சொல்லியிருந்தாலும், பொருள் அந்தத் தரத்தில் இல்லாவிட்டால் அது குறையே. விளம்பரத்தில் சொன்னதும் இதில் சேரும். எனவே விளம்பரத்தைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பில் கொடுக்க மறுப்பதே அந்தச் சட்டப்படி முறையற்ற வியாபாரம்தான். பழைய பொருளைப் புதியது என்று பொய் சொல்லி விற்பதும் அப்படியே.

சொந்தக் கால் டாக்சி ஓட்டிப் பிழைக்கக் கார் வாங்குகிறவருக்கு ஒரு சந்தேகம் வரலாம். ‘தொழிலுக்கு வாங்கினால் நுகர்வோர் ஆக முடியாதே?’ என்று. தாமே உழைத்துப் பிழைப்பதற்காக மட்டும் வாங்கியவரும் நுகர்வோரே என்று சட்டம் தெளிவாகக் கூறுகிறது. லாபத்துக்கு மறுபடி விற்பதற்காக வாங்கியவர் இதில் சேர மாட்டார்.

2023 ஏப்ரல் 1 முதல் இன்னொரு விதியும் அமலுக்கு வந்திருக்கிறது. பதிவான பழைய வண்டிகளை வாங்கி விற்கும் வியாபாரி, மோட்டார் வாகன அதிகாரியிடம் அங்கீகாரச் சான்றிதழ் பெற வேண்டும். அதற்கு ஆயுள் 5 வருடம். “உங்கள் சான்றிதழைக் காட்டுங்கள்” என்று தயங்காமல் கேளுங்கள்.

தனி மனிதர் தமது சொந்தக் காரை விற்றால், அவர் வியாபாரி அல்ல. பொதுவாக நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியாது. சிவில் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். அங்கேதான் அந்த 1872-ம் ஆண்டுக் குதிரை உங்களுக்கு உதவிக்கு வரும். தனி மனிதரிடம் வாங்கும்போது கேள்விகளும் எழுத்தும் இரட்டிப்பு அவசியம்.

இன்னொரு எச்சரிக்கை. ‘உள்ளது உள்ளபடி வாங்கிக்கொண்டேன், பிறகு எந்தக் குறையும் சொல்ல மாட்டேன்’ என்று அச்சடித்த காகிதத்தில் சிலர் கையெழுத்து வாங்குவார்கள். படிக்காமல் போடாதீர்கள். அந்த ஒரு வரி உங்கள் உரிமைகளில் பலவற்றைப் பறித்துவிடக் கூடும். ஆனாலும் தெரிந்தே சொன்ன பொய்க்கு அந்தக் காகிதம் கவசம் ஆகாது.

காகிதங்கள் சரியா?

ஆர்.சி.யில் உள்ள என்ஜின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் காரில் பொறித்துள்ள எண்களோடு ஒப்பிடுங்கள். திருட்டுக் காருக்கு எவ்வளவு பணம் கொடுத்தாலும் அது உங்களுடையது ஆகாது. உண்மையான சொந்தக்காரர் வந்து கேட்டால் கொடுத்தாக வேண்டும். பிறகு, விற்றவரைத் தேடிப் பிடித்துப் பணத்தைக் கேட்க வேண்டியதுதான்.

மத்திய அரசாங்கத்தின் ‘எம்பரிவாகன்’ செயலியில் காரின் எண்ணைப் போட்டால், பதிவு விவரங்களைப் பார்க்கலாம். கார் மீது பைனான்ஸ் இருந்தால், கடன் தீர்ந்ததற்கான பாங்கியின் கடிதமும், பாரம் 35-ம் வேண்டும்.

பெயர் மாற்றத்துக்குப் பாரம் 29, பாரம் 30 இரண்டிலும் கையெழுத்து வாங்குங்கள். ஒரே மாநிலத்துக்குள் விற்றால், விற்றவர் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கியவர் 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். இன்சூரன்சையும் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். இல்லாவிட்டால், உங்கள் காருக்கு ஏற்படும் சேதத்துக்குப் பணம் கிடைப்பது சந்தேகம்.

“பெயர் மாற்றம் மெதுவாகச் செய்துகொள்ளலாம்” என்று விற்பவர் சொன்னால், அவருக்கும் ஒரு விஷயத்தைச் சொல்லுங்கள். 2009-ல் நடந்த ஒரு விபத்து வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு 2018 பிப்ரவரியில் தீர்ப்புச் சொன்னது. அந்தக் கார் பல கை மாறியிருந்தது. ஆனால் ஆர்.சி.யில் முதல் சொந்தக்காரர் பெயரே இருந்தது. விற்று இரண்டு வருடம் ஆகியிருந்தும், நஷ்டஈட்டுக்கு அவரே பொறுப்பு என்று கோர்ட்டு கூறிவிட்டது! இதைக் கேட்ட பிறகு எவரும் பெயர் மாற்றத்தைத் தள்ளிப் போட மாட்டார்.

குறை தெரிந்தால் என்ன செய்வது?

எல்லாம் பார்த்து வாங்கியும் காரில் பெரிய குறை தெரிகிறதா? ஆத்திரப்பட்டுச் சண்டைக்குப் போகாதீர்கள். இப்படிச் செய்யுங்கள்:

முதலில், காரை மேற்கொண்டு ஓட்டாதீர்கள். உடனே பழுது பார்க்கவும் கொடுத்துவிடாதீர்கள். பிரித்து மாட்டிய பிறகு, பழைய குறைக்கு ருசு இருக்காது.

இரண்டாவதாக, படம் எடுங்கள். மீட்டர் காட்டும் கிலோமீட்டரையும் எடுங்கள். மெக்கானிக்கிடம் குறை என்ன, எவ்வளவு காலமாக இருந்திருக்கும், சரி செய்ய என்ன செலவாகும் என்று தேதியிட்டு எழுதி வாங்குங்கள். கம்பெனி சர்வீஸ் நிலையத்தின் அறிக்கை என்றால் இன்னும் பலம்.

மூன்றாவதாக, விற்றவருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். குறை இது, நீங்கள் சொன்னது இது, இத்தனை நாளுக்குள் சரி செய்து தர வேண்டும் அல்லது பணத்தைத் திருப்ப வேண்டும் என்று எழுதுங்கள். ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள்.

நான்காவதாக, வியாபாரி மசியாவிட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள். சில தகராறுகள் அங்கேயே தீர்ந்துவிடும்.

கட்டணம் இல்லாத வழக்கு

அங்கும் தீரவில்லையா? மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். வாங்கிய விலை ரூ.50 லட்சம் வரை இருந்தால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். விலை ரூ.5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமே இல்லை. வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை, நீங்களே வாதாடலாம்.

கார் சென்னையில் வாங்கினீர்கள். நீங்கள் இருப்பது திருநெல்வேலி. சென்னைக்கு அலைய வேண்டுமா? வேண்டாம். நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே புகார் கொடுக்கலாம் என்பது 2019-ம் ஆண்டுச் சட்டம் செய்த பெரிய உதவி.

கெடு 2 வருடம். அதற்குள் புகார் கொடுத்துவிட வேண்டும். விசாரணையை 3 மாதத்திலும், பொருளைச் சோதனைக்கு அனுப்ப வேண்டியிருந்தால் 5 மாதத்திலும் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் கூடுதல் காலம் ஆவது உண்டு. பொறுமை வேண்டும்.

குறை ருசுவானால், ‘சரி செய்து கொடு’ என்றோ, ‘வேறு பொருள் கொடு’ என்றோ, ‘பணத்தை வட்டியோடு திருப்பிக் கொடு’ என்றோ ஆணையம் உத்தரவிடலாம். பட்ட கஷ்டத்துக்கு நஷ்டஈடும் கேட்கலாம். உத்தரவை மீறுகிறவருக்கு 1 மாதம் முதல் 3 வருடம் வரை சிறைத் தண்டனையும், ரூ.25 ஆயிரம் முதல் ரூ.1 லட்சம் வரை அபராதமும் விதிக்கச் சட்டத்தில் இடம் உண்டு.

திருட்டு வண்டியை விற்றார், கள்ளக் காகிதம் கொடுத்தார், முதலிலிருந்தே ஏமாற்றும் எண்ணத்தோடு பணம் வாங்கினார் என்றால், போலீசிலும் புகார் கொடுக்கலாம். மோசடிக்காரரை ‘420’ என்று சொல்லியே நமக்குப் பழக்கம். 2024 ஜூலை 1 முதல் அந்த இடத்துக்குப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-வது பிரிவு வந்துவிட்டது. எண் மாறினாலும் குற்றம் மாறவில்லை.

ஒரு வார்த்தை. பழைய கார் என்றால் சில்லறைத் தொல்லைகள் இருக்கத்தான் செய்யும். தேய்ந்த டயருக்கும், வலுவிழந்த பேட்டரிக்கும் வழக்குப் போட்டால் நிற்காது. வயதுக்கு உரிய தேய்மானம் வேறு. மறைத்த குறை வேறு.

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். கார் தானமாக வருவதில்லை. பல வருடச் சேமிப்பைக் கொடுத்துத்தான் வாங்குகிறோம். கூச்சப்படாமல் கேளுங்கள். கேட்டதை எழுதி வாங்குங்கள். இன்றைக்குக் கேட்டு வாங்கியவருக்கே, நாளைக்கு நியாயம் கேட்கவும் கையில் பலம் இருக்கும்.